மகன் போட்ட பத்து நாள் பிளான்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க தம்பி. எனக்கு ஆகாது. முப்பத்தோரு வருஷம் முன்கண்ணாடி வழியா ரோட்டைப் பார்த்தவன், இந்தப் பக்கத்துக் கண்ணாடியில மரம் ஓடுறதைப் பார்த்தா தலை சுத்துது. ஆமா, டிரைவர்தான். போடி டெப்போ. ரிட்டயர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு. போடிமெட்டு ஏறியிருக்கீங்களா? பதினேழு கொண்டை ஊசி வளைவு. மூணாறுக்கு தினம் ஏறி இறங்கினவன் நான். ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. டிரைவர் சன்னாசின்னு டெப்போவுல கேட்டுப் பாருங்க, இன்னைக்கும் சொல்லுவாங்க.

இவர் ஓட்டுறதைப் பாருங்க, கிளச்சு மேலயே காலை வச்சிருக்காரு. சரி, நமக்கென்ன.

எந்த ஊர்ல இருந்து வாரேன்னா கேட்டீங்க? பையில ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்துட்டுக் கேக்குறீங்க. அமெரிக்கா. டென்வர்னு ஒரு ஊரு. பிப்ரவரியில போனோம், நானும் வீட்டுக்காரி சீனியம்மாவும். ஆறு மாசம் இருக்கணும்னுதான் போனது. நாலே மாசத்துல வந்துட்டோம். ஏன் வந்தோம்னா அதுக்கு ஒரு கதை இருக்கு. போடி போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்கு, சொல்றேன்.

எனக்கு ஒரே மகன். மணிமாறன். கம்ப்யூட்டர் படிப்பு. அங்க போய்ப் பதினோரு வருஷம். மருமக ஹேமலதா, கோயமுத்தூர்ப் பிள்ளை. ஒரு பேத்தி, ஒன்பது வயசு, அங்கயே பிறந்தவ. நறுமுகைன்னு பேரு வச்சாங்க. பள்ளிக்கூடத்துல வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வாயில நுழையாம 'நாரு'ன்னு கூப்பிடுதுக. நாரு! பூ கட்டுற நாரு மாதிரி.

போய் முதல் ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஏப்ரல் மாசம், ஒரு வியாழக்கிழமை காலையில, மாறன் ஒரு பெரிய மேப்பைச் சுருட்டிக்கிட்டு மாடியில இருந்து இறங்கி வந்தான். சாப்பாட்டு மேஜை மேல விரிச்சான். "அப்பா, நாம எல்லாரும் கேம்பிங் போறோம். பத்து நாள். ஜூன் மாசம், பாப்பாவுக்கு ஸ்கூல் முடிஞ்சதும்" அப்டின்னான்.

கேம்பிங்னா கூடாரம் அடிச்சுக் காட்டுல தங்குறது தம்பி. வீடு இருக்கும்போது எதுக்குடா காட்டுல படுக்கணும்னு கேட்டேன். சிரிச்சான். சிரிப்பு முகத்துல இருந்துச்சு, கண்ணுல இல்ல. அது இப்பத் தோணுது. அப்ப, ராத்திரி தூங்கலை போலன்னு நினைச்சேன்.

"மொதல்ல மலை, அப்புறம் கேன்யன்" அப்டின்னு விரலை மேப்புல இழுத்துக்கிட்டே போனான். கேன்யன்னா என்னடான்னேன். நம்ம மலை மேல பார்த்து இருக்கும்ல, இது கீழ பார்த்து இருக்கிற மலையாம். ஆத்துத் தண்ணி லட்சக்கணக்கான வருஷமா அறுத்து அறுத்து உண்டாக்கினது. நடந்து போய்க்கிட்டே இருப்போமாம், காலுக்குக் கீழ தரை திடீர்னு முடிஞ்சிருமாம். எனக்கு அதைக் கேட்டதுமே பிடிக்கலை.

அன்னையில இருந்து அந்த வீட்டுல வேற பேச்சே இல்ல. மேப்பு மேஜையை விட்டு எடுக்கவே இல்லை. நாங்கெல்லாம் தரையில உக்காந்து சாப்பிட்டோம். மஞ்சக் காகிதம், பச்சைக் காகிதமா வெட்டி மேப்புல ஒட்டுறான். இந்த ராத்திரி இங்க, அந்த ராத்திரி அங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி. சாப்பாட்டை வெளியில வைக்கக்கூடாது, கரடி வரும், அதுக்கு அங்கங்க இரும்புப் பெட்டி வச்சிருக்காங்களாம். சொல்லும்போது நல்லாத்தான் சொல்லுவான்.

ஆனா கூடாரம் அடிக்கிறதுக்கும் இடம் ரிசர்வ் பண்ணணும் தம்பி, நம்ம பழனிக்கு ரூம் போடுறாப்புல. ஆறு மாசம் முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சாம். யாராவது கேன்சல் பண்ணினா அந்த இடம் நமக்கு. இவன் என்ன பண்ணுவான்னா, லேப்டாப்பை மடியில வச்சிக்கிட்டு நாள் பூரா அதையே அமுக்கிக்கிட்டு இருப்பான். கிடைக்குதா, கிடைக்குதா, கிடைக்குதா. சோத்தை வாயில வச்சிக்கிட்டு அமுக்குவான். கிடைச்சிருச்சுன்னா அப்டியே துள்ளுவான். ஒரு கூடார இடத்துக்கு இந்தத் துள்ளா? "ஹேமா, கிடைச்சிருச்சு, ரெண்டு ராத்திரி கிடைச்சிருச்சு" அப்டிம்பான். அந்தப் பிள்ளை அடுப்படியில நின்னுக்கிட்டு "ம்"ங்கும். திரும்பிப் பார்க்காது.

எனக்கு மருமக மேல கொஞ்சம் வருத்தம்தான். மறைக்காமச் சொல்றேன். மாமனார் மாமியாரைக் கூட்டிட்டுப் போறது பிடிக்கலை போலன்னு நினைச்சேன். ஒருநாள் மத்தியானம் தண்ணி குடிக்க நான் போனா, அந்தப் பிள்ளை வெங்காயம் உரிக்கவே இல்லை, கண்ணு சிவந்து கிடக்கு. "என்னத்தா?"ன்னேன். "ஒன்னுமில்ல மாமா, ஜலதோஷம்"னுச்சு. சீனியம்மாகிட்ட வந்து, "உன் மருமகளுக்கு நம்ம வர்றது பிடிக்கலை"ன்னேன். அவ பருப்புப்பொடி இடிச்சிக்கிட்டு இருந்தா. பத்து நாளைக்கு அஞ்சு பேருக்குப் பொடி. இடிக்கிறதை நிறுத்தலை. அவளுக்கு அப்பவே தெரியும்ங்கிறது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

ஆமா தம்பி. வீட்டுல எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வயசுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

அந்தப் பிள்ளை ஒருநாள் என்கிட்ட வந்து, "தாத்தா, போடியில ஸ்கூல் எப்டி இருக்கும்? அங்க என்னைய அடிப்பாங்களா?"ன்னு கேட்டுச்சு. பேத்திக்கு நம்ம ஊரு மேல என்ன ஆசைன்னு நினைச்சு, ஒரு மணி நேரம் பள்ளிக்கூடக் கதை சொன்னேன். பிரம்படி வாங்கினதெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். பிள்ளை சிரிக்கவே இல்ல. எந்திரிச்சுப் போய்க் கூடாரத்துக்குள்ள படுத்துக்கிச்சு. கூடாரம் ஹாலுக்குள்ளயே அடிச்சிருந்தான். எல்லாருக்கும் பழகணும்ல. அது அங்கயேதான் கிடந்துச்சு, பிள்ளை மூணு வாரம் அதுக்குள்ளதான் தூங்குச்சு.

மாறன் ஆபீஸ் போறதில்லை. வீட்டுல இருந்தே வேலைன்னான். கார் ஷெட்டுக்குள்ள போய், காருக்குள்ள உக்காந்துக்கிட்டு லேப்டாப்பைப் பார்த்து இங்கிலீஷ்ல பேசுவான். நான் கதவு இடுக்குல பார்ப்பேன். மேல இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழ அரை டவுசர். மேல ஆபீசர், கீழ கபடி பிளேயர். சிரிப்பா வரும். பேசி முடிச்சிட்டு ஸ்டியரிங் மேல நெத்தியை வச்சிக்கிட்டு உக்காந்திருப்பான். கால் மணி நேரம், அரை மணி நேரம். வேலை ஜாஸ்தி போல, அதை விட்டுட்டுக் கேம்பிங் கேம்பிங்னு அலையுறானேன்னு எனக்குக் கோவம் வரும். "மொதல்ல வேலையைப் பாருடா, ஊர் சுத்துறது அப்புறம் சுத்தலாம்"னு தினமும் சொல்லுவேன். தினமும். ஒரு நாள் விடாம.

ஒரு நாள் சாப்பிடும்போது, நம்ம ஏலக்கா கடை தவமணி மகன் பேச்சு வந்துச்சு. சிங்கப்பூர்ல இருந்து வேலை போய்த் திரும்பி வந்துட்டான் அந்தப் பையன். நான்தான் ஆரம்பிச்சேன். "தவமணி இப்பக் கடைக்கே வர்றதில்லையாம், வந்தாலும் தலையைத் தூக்குறதில்லையாம். மகன் பொட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து இறங்கினா அப்பன் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வெளிய போவான்? வேலையைக் காப்பாத்திக்கத் தெரியாதவன் எதுக்கு வெளிநாடு போகணும்?" அப்டின்னேன். ஊர்ல எல்லாரும் பேசுற பேச்சுத்தான் தம்பி. நானா புதுசா என்ன சொல்லிட்டேன்? மாறன் தட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தான். அப்புறம் எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவிட்டு, மேப்பு முன்னாடி உக்காந்துட்டான்.

பிளான்ல ஒரு மலை ரோடு இருந்துச்சு. அதைப் போன்ல படமாக் காட்டினான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்னுமே இல்ல. கைப்பிடிச் சுவர் இல்ல, கல்லு இல்ல, ஒரு பெயின்ட் அடிச்ச டிரம் கூட இல்ல. நம்ம போடிமெட்டுல கூட சுவர் கட்டிவிட்டிருப்பாங்க. "இது வேண்டாம்டா"ன்னேன். "இதுல போனாத்தான்ப்பா அழகு"ன்னான். "அப்பன்னா வண்டியை நான் ஓட்டுறேன்"னேன்.

"அப்பா, இங்க நீங்க ஓட்ட முடியாது."

"ஏன் முடியாது?"

"லைசென்ஸ் வேணும். ரோடு வலது பக்கம். எல்லாமே வேற."

"ஹேமா ஓட்டும், நான் ஓட்டக்கூடாதா? முப்பத்தோரு வருஷம்டா."

"அப்பா, தயவு செஞ்சு இப்ப இதை விடுங்க. என்னால முடியலை."

என்னால முடியலைன்னான் தம்பி. அந்த வார்த்தையை நான் பிடிச்சிருக்கணும். நான் என்ன பிடிச்சேன்? பஸ் டிரைவர் மகன்னு சொல்லிக்கிறதுக்கு வெக்கப்படுறான், அதான் ஸ்டியரிங்கைக் குடுக்க மாட்டேங்குறான்னு பிடிச்சேன். ராத்திரி பூரா அது உள்ளயே ஓடிக்கிட்டு இருந்துச்சு. காட்டிர்றேன் இவனுக்குன்னு முடிவு பண்ணிட்டேன்.

மே மாசக் கடைசி. ஒரு செவ்வாக்கிழமை காலையில ஏழு மணி இருக்கும். சாமான் எல்லாம் பாதி ஏத்தி வண்டி வாசல்ல நிக்குது. ஏழு பேர் உக்கார்ற பெரிய வண்டி. சாவி ஆணியில தொங்குது. மாறன் மாடியில குளிச்சிக்கிட்டு இருந்தான். நான் எடுத்துட்டேன்.

கியரே இல்ல தம்பி. ரெண்டே பெடல். விளையாட்டுச் சாமான் மாதிரி. தெருவைத் தாண்டி, பெரிய ரோட்டுல ஏறி, மலை தெரியுற பக்கமா விட்டேன். வண்டி வெண்ணெய் மாதிரி போகுது. எட்டு வருஷத்துக்கு அப்புறம் கையில ஸ்டியரிங். எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலை. அங்க ஒரு இடத்துல திரும்பினேன் பாருங்க, திரும்பினதும் கை பழக்கத்துக்கு இடது பக்கம் போயிருச்சு. எதிர்க்க ஒரு லாரி. அவன் ஆரன் அடிக்க, நான் ஒதுங்கி ஓரத்துல நிப்பாட்டிட்டேன். இடிக்கலை. அதை எல்லாரும் மறந்துர்றாங்க. நான் இடிக்கலை. ஆனா பின்னாலயே போலீஸ் வண்டி, சிவப்பும் நீலமுமா லைட்டு.

ரெண்டு போலீஸ்காரங்க. மரியாதையாத்தான் பேசினாங்க. எனக்கு அவிங்க இங்கிலீஷ் புரியலை, என் இங்கிலீஷ் அவிங்களுக்குப் புரியலை. லைசென்ஸ் கேட்டாங்க, அது போடியில பீரோவுல கிடக்கு. இது என்ன வருஷம்னு கேட்டாங்க. என்ன கிழமைன்னு கேட்டாங்க. ஞாபக மறதி நோய் வந்த கிழவன் வண்டியை எடுத்துட்டு வந்துட்டான்னு நினைச்சிட்டாங்க தம்பி! ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டாங்க. ரோட்டோரத்துல உக்கார வச்சு பிரஷர் பார்க்குறாங்க. போற வர்ற வண்டியெல்லாம் என்னைப் பார்த்துக்கிட்டே போகுது. சட்டைப் பையில பேத்தி எழுதி வச்ச சீட்டு இருந்துச்சு, காலாற நடக்கப் போற இடத்துல வழி தவறினா காட்டுறதுக்கு, அப்பா போன் நம்பர் போட்டு. அதைக் காட்டினேன். கூப்பிட்டாங்க.

மாறன் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில வந்து இறங்கினான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கீழ அரை டவுசர், கால்ல செருப்பு கூட இல்ல. ஓடி வந்து என் தோளைப் பிடிச்சு, "அடி பட்டுச்சாப்பா?"ன்னான். இல்லைன்னேன். அப்புறம் போலீஸ்காரங்ககிட்ட பேசினான். கெஞ்சுறான், அது பாஷை தெரியாட்டியும் தெரியும்ல. காகிதம் காகிதமாக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க.

அப்ப அவன் பையில போன் அடிச்சிச்சு. எடுத்துப் பார்த்தான். முகம் வெளிறிருச்சு. போலீஸ்காரரைப் பார்த்து ஒரு விரலைக் காட்டி, ஒரு நிமிஷம்னு கேட்டான். அவரு கையைக் காட்டி நிறுத்திட்டாரு, மொதல்ல இதை முடின்னு. போன் நின்னுச்சு. திருப்பி அடிச்சிச்சு. நின்னுச்சு. திருப்பி அடிச்சிச்சு. எனக்கு எரிச்சலாயிருச்சு. "அதை எடுத்துப் பேசித்தான் தொலையேன்டா, காது வலிக்குது"ன்னு சொன்னேன்.

மாறன் என்னைத் திரும்பிப் பார்த்தான். திட்டலை. பார்த்தான், அவ்வளவுதான். தம்பி, நான் எத்தனையோ பார்த்திருக்கேன், மலையில பிரேக் போன லாரி டிரைவர் முகத்தைப் பார்த்திருக்கேன். அந்த மாதிரி.

எச்சரிக்கை பண்ணி விட்டுட்டாங்க. வண்டியை மாறன் எடுத்தான். வீட்டுக்குப் போற வழியில ஒரு கடை வாசல்ல, காலியா இருந்த இடத்துல நிப்பாட்டினான். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கிட்டே பேசினான்.

"அப்பா, எட்டு மணிக்கு எனக்கு ஒரு இன்டர்வியூ இருந்துச்சு. கடைசி ரவுண்டு."

"இன்டர்வியூவா? உனக்கெதுக்குடா இன்டர்வியூ? உனக்குத்தான் வேலை இருக்கே."

"வேலை போயிருச்சுப்பா. ஏப்ரல்லயே போயிருச்சு. எங்க டீம்ல எல்லாருக்கும். என் விசாவுக்கு, வேலை போன அறுபது நாளைக்குள்ள வேற வேலை வாங்கலைன்னா இந்த நாட்டை விட்டுப் போயிரணும். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. நானும் எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன். இது ஒன்னுதான் கடைசி வரைக்கும் வந்துச்சு."

"அப்ப இந்தக் கேம்பிங்கு?"ன்னேன்.

"பாப்பா இங்க பிறந்தவ. வளர்ந்து, நீ பிறந்த ஊரு எப்படி இருந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா, வீட்டு வாசலும் கார் நிறுத்துற இடமும்தான் அவளுக்குத் தெரியும். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டிரலாம்னு நினைச்சேன். அதோட, ராத்திரி பகலா நினைச்சிக்கிட்டு இருக்க ஏதாவது ஒன்னு வேணும்லப்பா. இல்லைன்னா பைத்தியம் பிடிச்சிரும்."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

அதுக்கு அவன், "தவமணி மகனைப் பத்திச் சொன்னீங்களேப்பா"ன்னான்.

அது வேற, இது வேற தம்பி. அந்தப் பையன் படிக்காத பய, ஏதோ கடையில நின்னவன். என் மகனும் அவனும் ஒன்னா? நான் என் மகனை ஏதாவது சொல்லியிருப்பேனா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த வண்டியைத் தொட்டிருப்பேனா? மறைச்சது அவன். அதையும் யோசிக்கணும்ல.

அவனும் அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டுப் பார்த்தான், என்ன நடந்துச்சுன்னு விளக்கமா எழுதி. ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. வேற ஆளை எடுத்துட்டோம், உங்க குடும்பத்துக்கு எங்க வாழ்த்துகள்னு. ஒரு நாள் போன் எடுக்கலைன்னா வேலை இல்லையா? அது என்ன கம்பெனி? அன்னைக்குச் சீனியம்மா என் தட்டுல சோத்தை வச்சிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. நாப்பத்திரெண்டு வருஷத்துல அவ என் பக்கத்துல நிக்காம நான் சாப்பிட்டதில்லை.

நான் கேம்பிங் வேண்டாம்னுதான் சொன்னேன். வீட்டைக் காலி பண்ணணும், சாமானைத் தள்ளணும், எவ்வளவு வேலை கிடக்கு. மாறன், "நான் போட்ட பிளான்ல இது ஒன்னாவது நடக்கட்டும்ப்பா" அப்டின்னான். அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

போனோம். அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்றது? காகிதத்துல இருந்த மாதிரியே எல்லாம் நடந்துச்சு. சொன்ன நேரத்துக்குக் கூடாரம், சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு. யாரும் யாரையும் ஒரு வார்த்தை கடுமையாப் பேசலை. அதுதான் தாங்கலை. சத்தம் போட்டுச் சண்டை போட்டிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும். அந்த மலை ரோட்டுல ஹேமாதான் ஓட்டுச்சு. நல்லாவே ஓட்டுச்சு. நான் பின் சீட்டுல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். பேத்தி என் கையைப் பிடிச்சிக்கிட்டு, "பயப்படாதீங்க தாத்தா"ன்னுச்சு.

எட்டாம் நாள் பெரிய கேன்யனுக்குப் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம். அவன் சொன்னது நிஜம்தான், தரை முடிஞ்சு போச்சு. சிவப்புச் சிவப்பா, அடுக்கடுக்காக் கீழ இறங்கிப் போகுது, அடியில ஆறு நூல் மாதிரி. அதை அழகுன்னு சொல்றாங்க. ஹேமாவும் சீனியம்மாவும் பேத்தியும் கம்பித் தடுப்புக்கிட்ட நின்னாங்க. மாறனைக் காணோம். பார்த்தா, தடுப்பு முடியுற இடத்தையும் தாண்டி, ஒரு பாறை நுனியில தனியா நிக்கிறான். கையைத் தொங்க விட்டுக்கிட்டு. கீழ பார்த்துக்கிட்டு.

எனக்கு என்ன தோணுச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடவும் முடியலை, கூப்பிடவும் பயம், கூப்பிட்டா அந்தச் சத்தத்துலயே ஏதாவது ஆயிருமோன்னு. பாறையில கையை ஊன்றி, குழந்தை மாதிரித் தவழ்ந்து போனேன் தம்பி. இந்த அறுபத்தாறு வயசுல. பின்னால இருந்து அவன் சட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சேன். விடலை.

திரும்பினான். "என்னப்பா, குதிச்சிருவேன்னு நினைச்சீங்களா?"

"ஆமாடா"ன்னேன். வாய் பொய் சொல்ல வரலை.

அப்ப அவன் கேட்டான் தம்பி, மெதுவா, கோவம் இல்லாமத்தான் கேட்டான். "நான் குதிச்சிருந்தா, ஊர்ல போய் என்னப்பா சொல்லியிருப்பீங்க?"

பெத்தவன்கிட்டக் கேக்குற கேள்வியா அது? எனக்கு அழுகை வந்துருச்சு. அவனும் அழுதான். அவன்தான் என் கையைப் பிடிச்சு மெதுவா, காலை வைக்க வேண்டிய இடத்தைக் காட்டிக் காட்டித் தடுப்புக்கிட்டக் கூட்டிட்டு வந்தான். சட்டையை நான் கூடாரம் வர்ற வரைக்கும் விடலை.

இப்ப எல்லாரும் கோயமுத்தூர்ல சம்பந்தி வீட்டுல இருக்காங்க. மாடியில ஒரு ரூம். போடிக்கு வாங்கடா, நம்ம வீடு நாலு ரூமோட காலியாக் கிடக்குன்னு எவ்வளவோ சொன்னேன். "நீங்க போங்கப்பா, பார்க்கலாம்"ங்குறான். சீனியம்மாவும் வரலை. பேத்தியைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும், கூட இருக்கேங்குறா. நான் மட்டும் வாரேன்.

தேனி வந்திருச்சா? கொஞ்ச நேரம் நிப்பாட்டுவான். அடடே, யாரு, பால்ச்சாமியா! வாப்பா, ஏறு ஏறு, முன் சீட்டு காலியா இருக்கு. நம்ம டெப்போ கண்டக்டர் தம்பி இவரு. ஆமாப்பா, வந்துட்டோம். மாறனா? அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான். இப்ப இன்னும் பெரிய கம்பெனியில வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, இவன்தான் யோசிக்கிறான். லீவே இல்ல அவனுக்கு, இருந்தும் எங்களுக்காகப் பத்து நாள் போட்டு, கார்லயே மலை, கேன்யன்னு சுத்திக் காட்டினான். அதெல்லாம் கண்ணால பார்க்கணும் பால்ச்சாமி. வீட்டுக்காரி சம்பந்தி வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வருவா. உன் மகன் எப்படி இருக்கான், துபாய்லதானே? வந்துட்டானா? எப்ப? வேலை போயிருச்சா... ஐயையோ. என்னப்பா இது, இருந்த வேலையைக் காப்பாத்திக்க வேண்டாமா? சரி விடு, விடு. டிக்கெட் எடுத்துட்டு உக்காரு.

என்ன தம்பி, அப்டிப் பார்க்குறீங்க?

ஊருன்னு ஒன்னு இருக்குல்ல. அவிங்க கோயமுத்தூர்ல இருந்துக்கிடலாம். நான் அந்தத் தெருவுலதானே நடக்கணும். நாளைக்கு அவனுக்கு ஒரு வேலை கிடைச்சிரும், அப்ப வருவான். நேரா போடிக்குத்தான் வருவான். கிடைக்காம இருக்காது. படிச்ச பிள்ளை.

கிளம்பும்போது சீனியம்மா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தா. பையை என் கையில குடுத்துட்டு, "அவன் ஊருக்குப் பயப்படலைங்க, உங்களுக்குத்தான் பயப்படுறான்"னு சொன்னா. சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காமப் போயிட்டா.

எனக்காம். என் மகன் எனக்குப் பயப்படுறானாம். அவ கோவத்துல ஏதோ சொல்றா. இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டுத்தானே வந்தீங்க, நீங்களே சொல்லுங்க தம்பி. நான் என்ன செஞ்சேன்?